கொசுக் காய்ச்சலும் விந்தணுவும்: கேட்கத் தவறிய ஒரு கேள்வி

கேள்வி, 9 ஜூலை 2024

"அண்ணா, நான் புனேயில் வேலை பார்க்கிறேன். வயது 31. மாசியில் திருமணம் ஆனது. ஜூன் 24ஆம் தேதி காய்ச்சல் வந்தது. மறுநாள் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, கண்ணும் சிவந்தது, 4 நாளில் சரியாகிவிட்டது. இப்போது எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் ஒருவருக்கு ஜிக்கா என்ற கொசு பரப்பும் வைரஸ் காய்ச்சல் உறுதியாகியிருக்கிறது. ஜிக்கா வந்த ஆணுக்கு ஆண்மை போய்விடும், குழந்தை பிறக்காது என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா? உடனே விந்துப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? மனைவி ஆடிக்காக அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நானும் 14ஆம் தேதி ஊருக்குப் போகிறேன்."

9 ஜூலை, மாலை

தம்பி, நான் மருத்துவன் அல்லன். நாகர்கோவிலில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையின் ஆய்வகத்தில் 21 ஆண்டுகளாக விந்துப் பரிசோதனை செய்துவருகிறேன். என் மேசைக்கு வருகிறவர்களிடமிருந்து கற்றதையும், அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகப் படித்ததையும் எழுதுகிறேன்.

ஆண்மை போகாது. ஜிக்கா வந்த ஆண்கள் நிரந்தரமாக மலடாகிறார்கள் என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆனால் ஜிக்கா வைரஸ் இரத்தத்தைவிட்டு நீங்கிய பிறகும் விந்தில் தங்கியிருக்கும். உடலுறவின் வழியே மனைவிக்குப் போகும். ஆகையால் 6 மாதம் ஆணுறை இல்லாமல் சேர வேண்டாம். சந்தேகம் இருந்தால் விந்துப் பரிசோதனையை உடனே செய்துகொள்ளுங்கள்.

9 ஜூலை, இரவு

மாலையில் எழுதியதில் "ஆண்மை போகாது" என்ற வாக்கியம் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிட்டது. நம் ஊரில் ஆண்மை என்ற சொல்லை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பார்த்தால் பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். உடலுறவுக்கான ஆசை, விறைப்பு, விந்தின் அளவு, விந்தணுவின் எண்ணிக்கை, கருத்தரிக்க வைக்கும் திறன் ஆகிய ஐந்தும் வேறு வேறானவை. விந்தணு ஒன்றுகூட இல்லாத ஒருவருக்கு விறைப்பில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். விந்தும் பார்வைக்கு வழக்கம்போலவே இருக்கும், ஏனென்றால் அதன் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரக்கும் திரவம், விந்தணு அதில் மிகச் சிறு பங்குதான். எண்ணிக்கை நன்றாக உள்ள ஒருவருக்கு விறைப்புக் குறை இருக்கலாம். கொசுக் காய்ச்சலைப் பற்றி நாம் பேசப்போவது எண்ணிக்கையையும் அசைவையும் பற்றியும், விந்தில் ஏறிவரும் வைரஸைப் பற்றியும் மட்டுமே.

10 ஜூலை

நேற்று இரண்டு தவறான தகவல்களைக் கொடுத்துவிட்டேன். இரண்டையும் இன்றே திருத்துகிறேன்.

ஆறு மாதம் என்பது 2016ஆம் ஆண்டு அறிவுரை. அன்றைக்கு வைரஸ் எத்தனை நாள் தங்கும் என்பதற்குப் போதிய தரவு இல்லாததால் நீண்ட காலத்தைச் சொன்னார்கள். தரவு சேர்ந்த பிறகு, 2018 ஆகஸ்டில், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அதை 3 மாதமாகக் குறைத்தது. உலக சுகாதார அமைப்பும் ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 2 மாதம் என்றே இப்போது சொல்கிறது. தம்பி, உங்களுக்கு ஜூன் 24 முதல் கணக்கு வைத்தால் செப்டம்பர் 24 வரை.

இரண்டாவது திருத்தம் இதைவிட முக்கியமானது: விந்துப் பரிசோதனையை உடனே செய்துகொள்ளாதீர்கள். காய்ச்சல் முடிந்து இரண்டு வாரத்தில் செய்யும் எண்ணிக்கைச் சோதனை உங்களுக்கு எதையும் சொல்லாது; பொய்யான நிம்மதியையோ பொய்யான துயரத்தையோதான் கொடுக்கும். ஒரு விந்தணு விரையில் உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. பிறகு விரையின் மேல் சுருண்டு கிடக்கும் எபிடிடிமிஸ் குழாயில் சில நாள் முதிர்ந்த பிறகே வெளியே வருகிறது. இன்று நீங்கள் கொடுக்கும் மாதிரியில் இருப்பவை காய்ச்சலுக்கு முன்பே பெரும்பாலும் உருவாகி முடிந்தவை. காய்ச்சலின் அடி எங்கே விழுந்தது என்பது இனிமேல்தான் வெளிவரும்.

இருபத்தோராண்டு இதே வேலையைச் செய்பவன் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வருந்துகிறேன்.

11 ஜூலை

வைரஸ் விந்தில் இருக்கும் என்பது எப்படித் தெரியவந்தது என்று இந்தக் குறிப்புகளைப் படிக்கும் இருவர் கேட்டிருக்கிறார்கள். இது நான் மறக்க முடியாத கதை.

2008இல் பிரையன் ஃபாய் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், செனகல் நாட்டின் பந்தஃபாஸி கிராமத்தில் தம் மாணவருடன் கொசு பிடித்துவிட்டு ஊர் திரும்பினார். திரும்பிய சில நாட்களில் இருவருக்கும் காய்ச்சலும் தடிப்பும் மூட்டு வீக்கமும் வந்தன. ஃபாயின் விந்தில் இரத்தம் கலந்து வந்தது. அதற்கடுத்த சில நாட்களில் செனகலுக்கே போகாத அவருடைய மனைவிக்கும் அதே நோய் வந்தது. உடன் இருந்த குழந்தைகளுக்கு வரவில்லை. எந்தச் சோதனையிலும் காரணம் பிடிபடாததால் இரத்த மாதிரிகளை உறைபெட்டியில் போட்டுவைத்தார்கள். ஓராண்டுக்கும் மேல் கழித்து அந்த மாணவர் ஆண்ட்ரூ ஹேடோ என்ற இன்னொரு பூச்சியியலாளரைச் சந்தித்துப் பேசுகையில், இது ஜிக்காவாக இருக்கலாம் என்று ஹேடோ சொன்னார். அவருடைய தாத்தா அலெக்சாண்டர் ஹேடோ 1947இல் உகாண்டாவின் ஜிக்கா காட்டில், நோய் பரவுவதைக் கண்டறியக் கூண்டில் வைத்த ஒரு குரங்கின் இரத்தத்திலிருந்து இந்த வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர். உறைபெட்டியிலிருந்து மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது மூவருக்கும் ஜிக்கா. 2011இல் அந்தக் கட்டுரை வெளியானது. கொசு பரப்பும் ஒரு வைரஸ் கணவனிடமிருந்து மனைவிக்கு உடலுறவால் சென்றிருக்கக்கூடும் என்று எழுதப்பட்ட முதல் பதிவு அது.

2013 டிசம்பரில் பசிபிக் பெருங்கடலின் தஹிதித் தீவில் 44 வயது ஆண் ஒருவர் விந்தில் இரத்தம் வருகிறது என்று சிகிச்சைக்கு வந்தார். அவருடைய இரத்தத்தில் வைரஸ் இல்லை. விந்தில் உயிருள்ள வைரஸ் இருந்தது. ஆய்வகத்தில் அதை வளர்க்கவும் முடிந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, இரத்தம் சுத்தமாகிவிட்டது என்று நாம் நிம்மதியாகிவிடக்கூடாது என்பதற்கு இந்த ஒரு நோயாளியே போதும்.

11 ஜூலை, பின்குறிப்பு

விரைக்குள் ஏன் ஒளிகிறது? விந்தணு நாம் பருவமடைந்த பிறகே உருவாகத் தொடங்குவதால், உடலின் எதிர்ப்பாற்றல் அதை அந்நியமாகக் கருதித் தாக்கிவிடக்கூடும். அதைத் தடுக்க, விந்தணு உருவாகும் நுண்குழாய்களின் உட்சுவரில், விந்தணுவை வளர்க்கும் செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகத் தைத்ததுபோல் ஒரு வேலி அமைத்திருக்கின்றன. எதிர்ப்பாற்றலின் கை அந்த வேலிக்குள் எளிதில் நீளாது. ஜிக்கா வைரஸ் அந்தச் செர்டோலி செல்களையே தொற்றக்கூடியது. பயிரைக் காக்கப் போட்ட வேலிக்குள் பாம்பு புகுந்துகொண்டால் அதே வேலி பாம்புக்கும் காவலாகிவிடுகிறது.

13 ஜூலை

தம்பி, நேற்றிரவு தூக்கம் வரவில்லை. உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். மனைவி ஆடிக்காக அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது போனார்? உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் புனேயில் உங்களோடு இருந்தாரா? அவர் கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா? இவற்றை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நான்கு நாளாக உங்கள் விந்தணுவைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜிக்காவின் பெரிய ஆபத்து அங்கே இல்லை. கர்ப்ப காலத்தில் தொற்று ஏற்பட்ட பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 குழந்தைகளுக்கு ஜிக்கா சார்ந்த பாதிப்பு காணப்படுவதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. தலை சிறுத்துப் பிறப்பது அவற்றில் ஒன்று. பிரேசிலில் அத்தகைய குழந்தைகள் பிறந்த பிறகுதான் 2016 பிப்ரவரி 1ஆம் தேதி உலக அளவிலான அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இந்த மாதம் 3ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையும் கர்ப்பிணிகளைக் கண்காணிப்பதைப் பற்றியதே.

அவர் கருவுற்றிருந்தால் குழந்தை பிறக்கும்வரை ஆணுறை வேண்டும், அல்லது விலகியிருக்க வேண்டும். இன்றே மகப்பேறு மருத்துவரிடம் காய்ச்சல் விவரத்தைச் சொல்லுங்கள். பதில் எழுதுங்கள்.

14 ஜூலை

புனேத் தம்பி பதில் எழுதியிருக்கிறார். மனைவி ஜூலை 6 வரை புனேயில்தான் இருந்திருக்கிறார். 12ஆம் தேதி மாதவிலக்கு வந்துவிட்டது, கர்ப்பம் இல்லை. காய்ச்சலும் இல்லை. ஆனால் காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகாது. ஜிக்கா தொற்றிய ஐந்து பேரில் நால்வருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஆகையால் இருவருமே பொறுத்திருக்க வேண்டும், மனைவி தம் கணக்கில் 2 மாதமும் தம்பி தம் கணக்கில் 3 மாதமும். நீண்ட கணக்கே செல்லும்.

இரத்தப் பரிசோதனை இனிப் பயன்படுமா என்று கேட்டார். இரத்தத்தில் வைரஸை நேரடியாகக் காண்பதற்கு முதல் வாரமே சிறந்தது. சிறுநீரில் ஏறக்குறைய இரண்டு வாரம்வரை பார்க்கலாம். அந்த நாட்கள் கடந்துவிட்டன. எதிர்ப்பொருள் சோதனை செய்தால், ஜிக்காவும் டெங்குவும் ஒரே ஃபிளாவி வைரஸ் குடும்பம் என்பதால், முன்பு டெங்கு வந்தவருக்கு முடிவு குழம்பும். சோதனைக்காக அலைவதைவிட, வந்ததாகவே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

16 ஜூலை

நாளை ஆடி பிறக்கிறது. புதுமணத் தம்பதியை இந்த ஒரு மாதம் பிரித்துவைக்கும் வழக்கம் உங்களுக்கு முதல் மாதத்தைக் கேள்வி இல்லாமல் கடத்தித் தந்துவிடும். ஆவணி பிறந்ததும்தான் சிக்கல் தொடங்கும். "ஆடி போய்விட்டது, இன்னும் என்ன?" என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கேட்பார்கள். காரணம் சொல்லாமல் தள்ளிப்போட்டால் பழி பெரும்பாலும் உங்கள் மனைவியின்மேல் விழும். நீங்களே வாய் திறந்து, எனக்கு வந்த காய்ச்சலுக்காக மருத்துவ அறிவுரைப்படி செப்டம்பர்வரை குழந்தையைத் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். பிரிந்திருக்க வேண்டியதில்லை, ஆணுறை போதும். தலைதீபாவளி அக்டோபர் 31. அதற்குள் இந்தக் கணக்கு முடிந்துவிடும்.

17 ஜூலை

10ஆம் தேதிக் குறிப்பில் காலம் தவறிய பரிசோதனை பொய்யான துயரத்தைக் கொடுக்கும் என்று எழுதினேன். அதை எங்கே கற்றேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுத வேண்டாம் என்று இருந்தேன், எழுதுகிறேன்.

2017 நவம்பர். அந்த ஆண்டு டெங்கு தமிழ்நாடு முழுவதும் பரவியிருந்தது. எங்கள் மாவட்டத்தின் ரப்பர் தோட்டங்களில் பால் வடியக் கட்டியிருக்கும் சிரட்டைகளில், வெட்டு இல்லாத மழைநாட்களில் தண்ணீர் தேங்கும். அதில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அந்தத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர், முப்பதுக்குள் வயது, மனைவியுடன் வந்திருந்தார். திருமணமாகி மூன்றாண்டு. அவர் கொடுத்த மாதிரியை 37 பாகை வெப்பத்தில் வைத்து, அரை மணி நேரத்தில் அது இளகியதும் கட்டக் கண்ணாடியில் ஒரு துளி விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். வழக்கமாக அந்தக் கட்டங்களில் மழைக்கு முன் எறும்புகள்போல விந்தணுக்கள் ஓடும். இடது கையிலுள்ள எண்ணுகருவி நிற்காமல் சொடுக்கிக்கொண்டிருக்கும். அன்று கட்டத்துக்குக் கட்டம் நகர்த்திக்கொண்டே போனேன், கருவி எப்போதாவது ஒருமுறை சொடுக்கியது. கண்ணில் பட்டவற்றிலும் பல வால் சுருண்டு அசையாமல் கிடந்தன. மில்லிலிட்டருக்கு 22 லட்சம். இயல்பின் கீழெல்லையாக அப்போது வைத்திருந்த எண் 1.5 கோடி. மறு துளியிலும் எண்ணினேன், அதே கணக்கு. அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

ஐந்து வாரத்துக்கு முன்பு அவர் டெங்குக் காய்ச்சலில் 6 நாள் மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எங்கள் படிவத்தில் இடமும் இல்லை. எத்தனை நாள் உறவின்றி இருந்தார், எந்த மணிக்கு மாதிரி கொடுத்தார், பாத்திரத்தில் முழுவதும் சேர்ந்ததா என்ற மூன்று கேள்விகள்தான் அச்சிட்டிருந்தன.

மறு ஆண்டு மார்ச்சில் வேறொரு மருத்துவரின் சீட்டோடு அவர் தனியாக வந்தார். மில்லிலிட்டருக்கு 4.1 கோடி. அசைவும் நன்றாக இருந்தது. முடிவைச் சொன்னபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. முதல் அறிக்கையைப் பார்த்துவிட்டு மனைவியின் அண்ணன்மார் அவளைத் தைக்கு முன்பே அழைத்துப் போய்விட்டார்களாம். "அன்னைக்கு, காய்ச்சல் வந்துதான்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சார்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் பிறகு சேர்ந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. அவர் மறுபடி வரவில்லை.

19 ஜூலை

நேற்று முன்தினம் எழுதியதைப் படித்த ஒருவர், அப்படியானால் டெங்கு வைரஸும் விரையைத் தாக்குகிறதா என்று கேட்கிறார். அந்த ஒரு நோயாளியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவதே அவற்றுக்கு உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 பாகை செல்சியஸ் குறைந்த வெப்பம் தேவைப்படுவதால்தான். மூன்று நாள் 103, 104 என்று அடிக்கும் எந்தக் காய்ச்சலும், அது டெங்குவாக இருந்தாலும் டைஃபாய்டாக இருந்தாலும் சாதாரணச் சளிக்காய்ச்சலாக இருந்தாலும், உருவாகிக்கொண்டிருக்கும் விந்தணுக்களைக் கெடுக்கும். அந்தக் குறை சில வாரம் கழித்து மாதிரியில் தெரிந்து, பிறகு புதுத் தலைமுறை வந்ததும் மறையும்.

டெங்கு விந்தின் வழியே பரவிய பதிவு இல்லாமலும் இல்லை. 2019இல் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில், வெளிநாடு சென்று திரும்பிய ஒருவரிடமிருந்து அவருடைய ஆண் துணைக்குப் பரவியதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஜிக்காவுக்கு உள்ளதுபோல அடுக்கடுக்கான சான்று டெங்குவுக்கு இல்லை. ஜிக்காவுக்குச் சொன்ன 3 மாத ஆணுறை அறிவுரையும் டெங்குவுக்கு இல்லை.

20 ஜூலை

ஜிக்கா வந்த ஆண்களிடம் எண்ணிக்கையை நாள்வாரியாக அளந்த ஆய்வு ஒன்று உண்டு. கரீபியன் கடலின் குவாதலூப் தீவில் 15 ஆண்களைக் காய்ச்சல் தொடங்கியது முதல் 120 நாள்வரை தொடர்ந்து சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஏழாம் நாளில் ஒரு மாதிரியின் மொத்த விந்தணு எண்ணிக்கை, இடைநிலை மதிப்பில் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்), 11.9 கோடி. முப்பதாம் நாளில் 4.52 கோடி. அறுபதாம் நாளில் 7 கோடி. நான்கு மாதம் முடியும்போது மீண்டுவிட்டது.

என் தொழில் கண்ணுக்கு இந்த எண்களில் இரண்டு விஷயங்கள் படுகின்றன. சரிவு பயங்கரமானது, பாதிக்கும் கீழே போயிருக்கிறது. ஆனால் மிகத் தாழ்ந்த 30ஆம் நாளிலும் இடைநிலை எண், மொத்த எண்ணிக்கைக்கு உலக சுகாதார அமைப்பு வைத்த கீழெல்லையான 3.9 கோடிக்கு மேலேயே நின்றிருக்கிறது. ஏற்கெனவே நிறைய இருந்தவருக்கு இந்தச் சரிவு தெரியாமலே போகும். முன்பே எல்லையில் நின்றவரைத்தான் அது படுக்க வைக்கும். இன்னொன்று, 15 பேர் என்பது சிறு எண்ணிக்கை. இதில் எவ்வளவு வைரஸின் வேலை, எவ்வளவு காய்ச்சலின் வேலை என்று பிரித்துச் சொல்வதற்கு இது போதாது.

20 ஜூலை, இரவு

எலி ஆய்வைப் பற்றிய காணொளி ஒன்றை ஒருவர் அனுப்பியிருக்கிறார். "விரை சுருங்கிவிடும்" என்று தலைப்பு. அந்த ஆய்வு உண்மையானது. 2016இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். ஆண் சுண்டெலிகளின் விரைகள் சுருங்கின, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது, அவற்றோடு சேர்ந்த பெண் எலிகள் கருவுறுவதும் குறைந்தது. காணொளி சொல்லாமல் விட்டது இதுதான்: ஜிக்கா சாதாரண எலியை நன்றாகத் தொற்றாது. ஆகையால் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் வழியை மருந்தால் அடைத்துவிட்டுத்தான் அந்த எலிகளுக்குத் தொற்றை ஏற்றினார்கள். உங்களுக்கும் எனக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. மனிதரில் எங்கே தேட வேண்டும் என்று அந்த ஆய்வு காட்டியது, அந்த அளவில் அது பெரும் உதவி. மனிதரில் இதுதான் நடக்கும் என்று அது சொல்லவில்லை.

22 ஜூலை

விந்தில் வைரஸ் 9 மாதம் இருக்கும் என்று படித்தேன், நீங்கள் 3 மாதம் என்கிறீர்களே என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஜிக்கா வந்த 184 ஆண்களின் விந்தைத் தொடர்ந்து சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். 60 பேரின் விந்தில் வைரஸின் மரபுப்பொருள் இருந்தது. முதல் 30 நாளுக்குள் சோதித்த 36 பேரில் 22 பேருக்கு இருந்தது. மூன்று மாதத்தில் வெகுவாகக் குறைந்தது. ஒரே ஒருவருக்கு மட்டும் 281 நாள்வரை தெரிந்தது. நீங்கள் படித்த 9 மாதம் அவர்தான். ஆனால் மரபுப்பொருள் தெரிந்த 78 மாதிரிகளில் உயிருள்ள வைரஸ் கிடைத்தது 3 மாதிரிகளில் மட்டுமே, அந்த மூன்றும் முதல் 30 நாளுக்குள் எடுத்தவை. களத்தில் உமி கிடக்கிறது என்பதற்காக அங்கே நெல் இருக்கிறது என்று சொல்ல முடியாது. முன்பு நெல் இருந்தது என்றுதான் சொல்லலாம்.

23 ஜூலை

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவருக்கும் ஆணுறை வேண்டுமா? வேண்டும். அந்த அறுவை விந்தணு வரும் குழாயை மட்டுமே அடைக்கிறது, விந்தின் மற்றத் திரவம் வழக்கம்போல வரும். அறுவை செய்துகொண்ட ஒருவரிடமிருந்து மனைவிக்கு ஜிக்கா சென்றிருக்கலாம் என்று 2016இல் ஸ்பெயினிலிருந்து பதிவு வந்திருக்கிறது.

28 ஜூலை

இதை எழுதாமல் விட முடியவில்லை. பேருந்து நிலையச் சுவர்களிலும் கழிப்பறைக் கதவுகளிலும் ஒட்டியிருக்கும், "வாலிப வயோதிக அன்பர்களே" என்று அழைக்கும் விளம்பரங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். காய்ச்சலுக்குப் பிறகு எண்ணிக்கை குறைந்தவர்களில் பலர் எங்களிடம் மறுபரிசோதனைக்கு வருவதற்குள் அங்கே போய்விடுகிறார்கள். சென்ற ஆண்டு ஒருவர் லேகிய டப்பாவையும் கையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். 90 நாள் மருந்து, 18,000 ரூபாய். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார். அவருடைய எண்ணிக்கை 60 லட்சத்திலிருந்து 3.3 கோடிக்கு ஏறியிருந்தது. மருந்து வேலை செய்துவிட்டது என்று கண் கலங்கச் சொன்னார்.

தொண்ணூறு நாள் என்ற அந்தக் கணக்கைக் கவனியுங்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலும் உடம்பு புதுத் தலைமுறை விந்தணுவை உருவாக்கிக் கொடுத்துவிடும் காலம் அது. அவரிடம் அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. தமக்குத் தெரிந்த இன்னும் இருவரை அங்கே அனுப்பியிருப்பதாகச் சொன்னார். காய்ச்சலுக்குப் பிறகு 3 மாதம் காத்திருந்தால் தானே சரியாகும் என்று முதல் அறிக்கையைக் கொடுத்தவர் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வளையல் வீட்டில் இருந்திருக்கும். அந்த முதல் அறிக்கை எங்களுடையது அல்ல. ஆனால் 2018க்கு முந்தைய எங்கள் அறிக்கையும் அப்படித்தான் இருந்தது.

29 ஜூலை

நிலவேம்புக் குடிநீர் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்டுவிட்டார்கள். 2017இல் டெங்குவுக்காக ஊரெங்கும் அதைக் கொடுத்தபோது, குடித்தால் மலடாகிவிடும் என்ற செய்தி கைப்பேசிகளில் பறந்தது. அதன் வேர், நிலவேம்பிலிருந்து பிரித்தெடுத்த ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற ஒற்றைப் பொருளை ஆண் எலிகளுக்கு வாரக்கணக்கில் கொடுத்து விந்தணு குறைந்ததாகக் கண்ட ஓர் ஆய்வு. நிலவேம்புச் சாற்றையே 60 நாள் எலிகளுக்குக் கொடுத்து விரையில் எந்தத் தீங்கும் காணாத ஆய்வும் உண்டு. குடிநீரோ ஒன்பது சரக்குகள் சேர்ந்தது, சில நாள் மட்டும் குடிப்பது. அந்தக் குடிநீரை டெங்குவுக்கு மருந்தென்று நான் சொல்லவில்லை. டெங்குவுக்குப் பிறகு எண்ணிக்கை குறைந்தவர்கள் காய்ச்சலைவிட்டுக் குடிநீரைப் பழிசொன்னதை மட்டும் என் மேசையில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

4 ஆகஸ்ட்

ஜிக்கா நமக்குத் தொலைவில் உள்ளது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2017இல் அகமதாபாத்தில் கண்டறிந்த அதே ஆண்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒருவருக்கு உறுதியானது. 2018இல் ஜெய்ப்பூர், 2021இல் கான்பூர், இந்த ஆண்டு புனே. 2021 ஜூலையில் கேரளத்தின் பாறசாலையைச் சேர்ந்த 24 வயதுக் கர்ப்பிணிக்கு வந்தபோது, களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை என்பதால், எங்கள் எல்லையில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிகளைச் சோதித்தார்கள். அன்று அந்தப் பக்கம் தினமும் வேலைக்குப் போய்வந்த ஆண்கள் ஏராளம். அவர்களுக்கு ஆணுறை பற்றி எவரும் சொன்னதை நான் கேட்கவில்லை. கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுக்கச் சொன்னோம். அந்தக் கொசுவலைக்குள் கணவனும்தான் படுப்பான் என்பதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

6 அக்டோபர்

புனேத் தம்பி எழுதியிருக்கிறார். செப்டம்பர் 24 கடந்துவிட்டது. ஆவணியில் அவரே மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம், அந்த அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் பொண்ணுகிட்ட நீங்க முன்னாடியே சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். சொல்லியிருந்தார். நேற்று விந்துப் பரிசோதனை செய்து அறிக்கையை அனுப்பியிருக்கிறார்: மில்லிலிட்டருக்கு 5.2 கோடி, முன்னோக்கி ஓடுபவை நூற்றுக்கு 48. தம்பி, இனி என் கண் உங்களுக்குத் தேவையில்லை.

7 அக்டோபர்

எங்கள் படிவத்தைத் திருத்தி அச்சிடக் கேட்டிருந்தேன். பழைய படிவக் கட்டுகள் தீரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். 2018 முதல் நான் வாயால்தான் கேட்டுவருகிறேன், ஆனால் நான் விடுப்பில் இருக்கும் நாளில் அந்தக் கேள்வியும் விடுப்பில் போய்விடுகிறது. சென்ற வாரம் 180 ரூபாய்க்கு ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டேன். "கடந்த 3 மாதங்களில் காய்ச்சல் வந்ததா? எப்போது? எத்தனை நாள்?" என்று மூன்று வரி. இன்று காலை கட்டிலிருந்த எல்லாப் படிவங்களிலும் உட்கார்ந்து குத்தி முடித்தேன்.

முதல் படிவத்தை ஒரு கொத்தனார் நிரப்பிக் கொடுத்தார். "ஆவணி 20, டெங்கு, 5 நாள்" என்று எழுதியிருந்தார். எண்ணிக்கை 90 லட்சம். அறிக்கையில் அந்த எண்ணுக்குக் கீழே, மருத்துவர் கவனத்துக்கு என்று தொடங்கி, காய்ச்சல் தேதியைச் சிவப்பு மையில் எழுதி, கார்த்திகைக் கடைசியில் மறுபரிசோதனை என்று சேர்த்தேன். அவர் வெளியே போய் மனைவியிடம் அந்தச் சிவப்பு வரியைத்தான் முதலில் காட்டினார்.